பழைய வணிகக் கட்டடத்தில் லாஃப்ட் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரின் நடுவே நூறு வருடம் கிடங்காகவோ தொழிற்கூடமாகவோ மொத்த வியாபாரக் கடையாகவோ இருந்த கட்டடத்தைச் சீர்ப்படுத்தி, வீடுகளாகப் பிரித்து விற்கிறார்கள், வாடகைக்கும் விடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன். எனக்கு இந்த வீடுகள் மிகவும் பிடிக்கும். அதனாலேயே, வாங்குகிறவர் விவரம் தெரிந்து வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் சரக்கையும் இயந்திரத்தையும் மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். யாரும் அங்கே படுத்துத் தூங்குவார்கள் என்று நினைக்கவில்லை. அங்கே உங்களைக் கவர்கிறதும் பிறகு தொந்தரவு தருகிறதும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

லாஃப்ட் என்றால் பரண்தானே?

நம் பேச்சில் ஆமாம், பழைய பாத்திரமும் பெட்டியும் ஏற்றிவைக்கும் பரண்தான். ஆங்கிலத்திலும் கூரைக்கு அடியில் இருக்கும் மேல்தளத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு அமெரிக்க நகரங்களில், தடுப்புச் சுவர் இல்லாமல் ஒரே கூடமாக இருக்கும் கிடங்குத் தளத்தையும் தொழிற்கூடத் தளத்தையும் லாஃப்ட் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கே மனிதர் குடியேறியபோது வீட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

விற்பனைக்காரர்கள் இரண்டு வகை சொல்வார்கள். உண்மையான பழைய கட்டடத்தை மாற்றியது ஹார்ட் லாஃப்ட். அந்தத் தோற்றத்தில் புதிதாகக் கட்டியது சாஃப்ட் லாஃப்ட். இரண்டாவது வகையில் தவறு ஒன்றும் இல்லை, சத்தமும் குளிரும் அதில் குறைவு. ஆனால் இந்தப் பக்கம் முழுவதும் முதல் வகையைப் பற்றியது.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது?

இதன் பெயர்பெற்ற தொடக்கம் நியூயார்க் நகரின் சோஹோ பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் துணி வியாபாரத்துக்கும் சிறு தொழிலுக்கும் எழும்பிய வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள் அங்கே தெருத் தெருவாக நிற்கின்றன. தொழில்கள் வெளியேறியபின் தளங்கள் காலியாயின, வாடகை சரிந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் உள்ளே வந்தார்கள். பெரிய துணியை விரித்து வரைய இடம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கனமான வேலையைத் தாங்கும் தரை வேண்டும். மூன்றும் அங்கே ஏற்கெனவே இருந்தன.

குடியிருப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. 1961 முதல் ஓர் ஏற்பாடு வந்தது. கலைஞர் தங்கியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ (‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’, அதாவது இங்கே கலைஞர் குடியிருக்கிறார்) என்று எழுதிய சிறு பலகையும் எந்தத் தளம் என்ற குறிப்பும் இருக்கும். தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று தீயணைப்புப் படைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. சிற்பி டொனால்ட் ஜட் 1968-ல் ஸ்பிரிங் தெருவில் 1870-ல் கட்டிய ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடத்தை வாங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். அந்தப் பகுதியின் குறுக்கே போட இருந்த விரைவுச் சாலைத் திட்டம் எதிர்ப்பால் 1969-ல் கைவிடப்பட்டது. கலைஞர்கள் அங்கே குடியிருக்கலாம் என்று 1971-ல் விதி மாறியது. 1973-ல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியானது. கிடங்குகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் லாஃப்ட் சட்டம் 1982-ல் வந்தது.

குடியேறியது முதலில், சட்டம் பிறகு. அந்த வரிசை இன்றைக்கும் பல ஊர்களில் மாறவில்லை. உங்கள் கட்டடம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது முக்கியம்; அதைப் பத்திரங்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கூரை ஏன் அவ்வளவு உயரம்? ஜன்னல் ஏன் அவ்வளவு பெரிது?

அழகுக்காக இல்லை. மின்விளக்கு வருவதற்கு முன் வேலை நடந்தது பகல் வெளிச்சத்தில். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு தூரம்தான் நல்ல வெளிச்சம் உள்ளே போகும் என்பது கட்டடக்கலையில் ஒரு கைக்கணக்கு. மேல் விளிம்பு 12 அடியில் இருந்தால் 24 அடி ஆழம் வரை வேலை பார்க்கலாம். அதனால்தான் கூரையை உயர்த்தி ஜன்னலையும் அதோடு உயர்த்தினார்கள். வார்ப்பிரும்புத் தூண் ஒல்லியாக இருந்தே எடையைத் தாங்கும் என்பதால் முகப்பில் மிச்சமான இடத்தையெல்லாம் கண்ணாடிக்குக் கொடுக்க முடிந்தது.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சோஹோ இருக்கும் மன்ஹாட்டனின் வழக்கமான மனை 25 அடி அகலம், 100 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த கட்டடம் ஒட்டி நிற்கும்; ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். நடுவில் ஐம்பது அடி இருட்டு. பழைய நாளில் அங்கே சரக்கை அடுக்கினார்கள். இப்போது அங்கேதான் குளியலறை, துணி அலமாரி, சில சமயம் ‘படுக்கையறை’ என்று எழுதிய ஓர் அறை.

ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறை என்று விற்கலாமா?

பல ஊர்களின் கட்டட விதிப்படி முடியாது. தூங்கும் அறைக்கு வெளிக்காற்றும் வெளிச்சமும் வேண்டும், தீப்பிடித்தால் தப்ப வழியும் வேண்டும். வரைபடத்தில் ‘படிப்பறை’ அல்லது ‘வீட்டு அலுவலகம்’ என்று எழுதியிருப்பார்கள். காட்டுகிறவர் வாயால் படுக்கையறை என்பார். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

தடுப்புச் சுவர் கூரை வரை போகிறதா என்பதையும் பாருங்கள். எட்டு அடியில் நின்றுவிடும் சுவர் வெளிச்சத்தை உள்ளே விடும், அறைக்கு உயரமும் கிடைக்கும். கூடவே தொலைக்காட்சிச் சத்தமும் சமையல் வாசனையும் இரவு ஒரு மணிக்கு ஒருவர் போடும் விளக்கும் வரும். தனியாக இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த மேல் இடைவெளியை முதல் வாரத்திலேயே கண்ணாடி வைத்து மூடத் தோன்றும்.

நானே ஒரு மெசனைன் (தரைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இடைத்தளம்) போட்டுக்கொள்ளலாமா?

உயரத்தை அளந்துவிட்டு யோசியுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் கட்டட விதித் தொகுப்பில் மெசனைனுக்கு மேலும் கீழும் குறைந்தது 7 அடி வேண்டும், பரப்பு பொதுவாக அது இருக்கும் அறையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தளத்தின் தடிமனையும் சேர்த்தால் 15 அடிக்குக் குறைந்த கூரையில் அது மெசனைன் ஆகாது, கட்டிலுக்கு ஒரு மேடை மட்டும்தான். மேலே படுப்பவர்தான் வீட்டின் வெப்பமான காற்றையெல்லாம் சுவாசிப்பார். அனுமதி வாங்காமல் போட்ட மெசனைனோடு ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், அதைப் பிரித்தெடுக்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இவ்வளவு பழைய தரை தாங்குமா?

பெரும்பாலும் புது வீட்டுத் தரையைவிட நன்றாகவே தாங்கும். வீட்டுத் தளத்துக்கு இன்று போடும் கணக்கு சதுர அடிக்குச் சுமார் 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கிடங்குக்கு 125 பவுண்டு. கனமான சரக்குக் கிடங்குக்கு 250. அச்சு இயந்திரமும் துணிக்கட்டும் நின்ற தரையில் உங்கள் புத்தக அலமாரி எந்த மூலைக்கு?

ஆனால் அந்தப் பலம் கட்டிய அன்றைக்கு இருந்தது. நடுவில் யாரோ குழாய் கொண்டுபோக உத்தரத்தை வெட்டியிருக்கலாம். கூரை ஒழுகி உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கியிருக்கலாம். இந்த இரண்டும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கீழ்த்தளத்தின் கூரையிலிருந்து, டார்ச்சும் கூர்முனைக் கருவியும் வைத்து உத்தர முனைகளைக் குத்திப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தாதீர்கள்.

வெளிச்சுவரில் தள மட்டத்தில் வரிசையாக நட்சத்திர வடிவ இரும்புத் தட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சுவரைத் தளத்தோடு பிடித்துவைக்கும் கம்பியின் வெளிமுனை அது. சீரான இடைவெளியில் இருந்தால் பெரும்பாலும் கட்டும்போதே போட்டது. சுவர் புடைத்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று தட்டுகள் கூடி நின்றால், ‘இங்கே என்ன நடந்தது?’ என்று கேளுங்கள்.

மரத்தூணும் மர உத்தரமும் தீப்பிடிக்காதா?

பிடிக்கும், ஆனால் மெதுவாக. பெரிய மரக்கட்டையின் வெளிப்பக்கம் கருகியதும் அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது. ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கருகும். ஒரு மணி நேரத்தில் 4 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள தூண் அதற்குப் பிறகும் நிற்கும். மூடாத எஃகோ 550 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கும். சூடேறிய வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டு ‘மெல்ல எரியும்’ கட்டுமானத்தை வற்புறுத்தின. பெரிய கட்டைகள், தடித்த பலகைத் தளம், நெருப்பு ஒளிந்து பரவப் பொந்துகளே இல்லாத அமைப்பு. அப்படிப்பட்ட ஒரு தூணின் பக்கத்தில் நின்று அதன் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கூராக இருக்காது, சாய்வாகச் சீவியிருக்கும். கூர் விளிம்புதான் முதலில் தீப்பற்றும் என்பதால் தச்சர் அதை எடுத்துவிட்டார். சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனையைச் சாய்வாக வெட்டி, மேல்பக்கம் குட்டையாகவும் கீழ்ப்பக்கம் நீளமாகவும் விட்டிருப்பார்கள். உத்தரம் எரிந்து நடுவில் ஒடிந்தால் முனை சுவரை நெம்பாமல் வழுக்கி வெளியே விழும், சுவர் நிற்கும். எங்கே எரியும், எரிந்தால் எது விழ வேண்டும், எது விழக் கூடாது என்று யோசித்து ஒரு கட்டையை அறுத்த கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இந்தப் பலம் கட்டடத்தைக் காக்கும். புகையிலிருந்து ஆளைக் காக்காது. ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு), புகை எச்சரிக்கைக் கருவி, இரண்டாவது படிக்கட்டு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேல்வீட்டுச் சத்தம் கேட்குமா?

கேட்கும். இந்த ஒரு கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

காரணம் சுலபமானது. நீங்கள் அண்ணாந்து பார்த்து ரசிக்கும் மரப்பலகைக் கூரையின் மறுபக்கம்தான் மேல்வீட்டுக்காரர் நடக்கும் தரை. நடுவில் பஞ்சும் இல்லை, காற்று இடைவெளியும் இல்லை. சத்தத்தை நிறுத்த வேண்டுமானால் கீழே ஒரு பொய்க்கூரை கட்டி மரத்தை மறைக்க வேண்டும், அல்லது மேலே பழைய பலகைமேல் ரப்பர் விரிப்பும் புதுத் தரையும் போட வேண்டும். நல்ல கட்டுநர் இரண்டாவதைச் செய்திருப்பார். அமெரிக்க விதியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பேச்சொலிக்கும் காலடியொலிக்கும் 50 என்ற தடுப்பு அளவு கேட்கிறார்கள். சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒருவரை மேல்வீட்டில் செருப்புக் காலோடு நடக்கச் சொல்லி நீங்கள் கீழே நில்லுங்கள். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

கழிவுக்குழாயையும் மறந்துவிடாதீர்கள். திறந்த கூரையில் மேல்வீட்டுக் குழாய் உங்கள் தலைக்கு மேலேயே ஓடும். வார்ப்பிரும்புக் குழாய் சத்தத்தை அடக்கும். பிளாஸ்டிக் குழாயில் ஒவ்வொரு ஃப்ளஷும் கேட்கும்.

வீட்டைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைக்கச் செலவு எவ்வளவு கூடும்?

கணக்கை நீங்களே போடலாம். ஆயிரம் சதுர அடி வீடு 9 அடி உயரத்தில் 9,000 கன அடி காற்று. 14 அடி உயரத்தில் 14,000. அதோடு ஒற்றைக் கண்ணாடி, இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல். இரட்டைக் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் அதன் வழியாகக் கசியும். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஜன்னலை மாற்ற அனுமதி கிடைக்காமல் போகலாம். உள்பக்கம் இரண்டாவது ஜன்னல் ஒன்றைப் பொருத்தினால் குளிரும் சாலை இரைச்சலும் சேர்ந்தே குறையும். குளிர்காலத்தில் கூரை விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு, மேலே தேங்கிய வெப்பத்தைக் கீழே இறக்கலாம். எந்தக் காலநிலையிலும் தட்டைக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் கடைசித் தளத்துக்குத்தான் சோதனை அதிகம்.

உள்ளே செங்கல் சுவரைப் பூச்சில்லாமல் விட்டிருக்கிறார்களே, நல்லதா?

எப்படிப் பூச்சை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. மணலைப் பீய்ச்சிச் சுரண்டியிருந்தால் சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விடும். அதற்கப்புறம் செங்கல் தண்ணீரை உறிஞ்சும், பொடிப்பொடியாக உதிரும். வெளிச்சுவரில் இதைச் செய்திருந்தால் பெரிய கேடு.

அடுத்தது சாந்து. அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து. செங்கல்லைவிட மென்மையானது, ஈரம் அதன் வழியே வெளியேறும். அதைச் சுரண்டிவிட்டுக் கடினமான சிமெண்டால் இணைப்புகளை நிரப்பினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் செங்கல்லின் முகமே பிய்ந்து விழுகிறது. சாவி நுனியால் இணைப்பை மெல்லக் கீறிப் பாருங்கள். வெளிறிய துகள் உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறலே விழாமல் இருந்து, பக்கத்துச் செங்கல்கள் குழிந்திருந்தால், சீரமைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார்.

சமையலறையை வேறு பக்கம் மாற்றலாமா?

கடினம். பழைய தளத்தில் ஒரு மூலையில் ஒரு கழிப்பறை இருந்திருக்கும், அவ்வளவுதான். புதுக் கழிவுக்குழாய்கள் ஒன்றிரண்டு இடங்களில்தான் கீழே இறங்கும். சிறு குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். குளியலறைக்குள் நுழையும்போது ஒரு படி ஏற வேண்டியிருந்தால், அந்தப் படிக்கு அடியில்தான் குழாய் ஓடுகிறது.

சரக்கு லிஃப்ட் இன்னும் ஓடுகிறதே, பாதுகாப்பானதா?

சோதனைச் சான்று இருந்தால் பாதுகாப்பானதுதான். கடைக்கட்டடத்தில் மனிதரை ஏற்றிச் செல்லும் லிஃப்டை, லிஃப்ட் தயாரிப்பாளர் ஓட்டிஸ் முதன்முதலாக வைத்தது 1857-ல், இதே சோஹோவில், பிராட்வேயில் இருந்த ஹாவௌட் கடையில். பழைய லிஃப்டை விரும்புகிறவர்கள், பழுதானால் உதிரிபாகத்துக்கு எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டுவிட்டு மேல்மாடி வீட்டை எடுங்கள்.

கட்டடத்தில் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியமா?

எனக்கு இதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் நகரில் ஒரு காலத்தில் பாதரச விளக்கு செய்த ஆலைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1990-களில் அதை வீடுகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாற்றிச் சிலர் குடும்பத்தோடு குடியேறினார்கள். சீரமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பாதரசத் துளிகள் வெளிப்பட்டன. ஆலை மூடிப் பல்லாண்டு ஆகியும் பலகைகளுக்கு அடியில் அது அப்படியே தங்கியிருந்தது. 1996 ஜனவரியில் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். கட்டடத்தைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த அதே தரைதான்.

எல்லாக் கட்டடமும் இப்படி இல்லை. ஆனால் உலர்சலவைக் கடை இருந்த இடத்தில் துணி வெளுக்கப் பயன்படுத்திய பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் மண்ணில் இறங்கி ஆவியாக மேலே வரலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் உரியும் ஜன்னல் சட்டம் குழந்தைகளுக்கு ஆபத்து. பழைய கொதிகலன் குழாயைச் சுற்றிய வெள்ளை உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தொடாமல் சோதனைக்கு ஆள் அழையுங்கள். மண், காற்று, பெயிண்ட் சோதனை அறிக்கைகளை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பழைய வரலாற்றைத் தேட நகரின் பழைய வணிக விலாசப் புத்தகங்களும் தீக்காப்பீட்டு வரைபடங்களும் உதவும். அமெரிக்க நகரங்களுக்குச் சான்பார்ன் நிறுவனத்தின் வரைபடங்கள் 1867-லிருந்து தொடங்குகின்றன. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். உள்ளே என்ன தொழில், கொதிகலன் எங்கே என்றுகூடக் குறித்திருப்பார்கள். நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்தால் போதும்.

எந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

மக்கள் குடியிருக்கலாம் என்று கட்டடத் துறை தந்த சான்று முதலில். அதில் ‘வணிகம்’ என்று மட்டும் இருந்தால் வங்கிக் கடன், காப்பீடு, உங்கள் வாடகை உரிமை எல்லாமே ஆட்டம் காணும். அடுத்து வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பராமரிப்பு நிதி. முகப்பும் கூரையும் லிஃப்டும் பெரிய செலவுகள், அதைப் பகிர்ந்துகொள்ள வீடுகளோ குறைவு. நிதியில் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக முகப்பைச் சீர்ப்படுத்தியது எப்போது என்று கேளுங்கள்.

வரிச்சலுகை வாங்கிச் சீரமைத்த கட்டடமா என்பதும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் சான்றுபெற்ற வரலாற்றுக் கட்டடத்தை வருமானம் தரும் வகையில் சீரமைத்தால் தகுதியுள்ள செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும். ஆனால் ஐந்து ஆண்டு வரை கட்டடத்தின் தன்மையை மாற்றவோ கைமாற்றவோ செய்தால் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். லாஸ் ஏஞ்சலீஸ் 1999-ல் ஒரு விதி கொண்டுவந்து, நகர மையத்தின் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாக்கும்போது புதிதாக வாகன நிறுத்தம் கட்ட வேண்டியதில்லை என்றது. அதனால்தான் பல காலிக் கட்டடங்கள் உயிர்பெற்றன. அதனாலேயே அங்கே சில வீடுகளுக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது.

வீடு பார்க்க எப்போது போவது நல்லது?

மூன்று தடவை போங்கள். காலை பதினொரு மணிக்கு, விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லி, கூடத்தின் நடுவில் ஒரு புத்தகம் படித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போய் ஜன்னலைத் திறந்து தெருவைக் கேளுங்கள். நகர மையத்தில் உணவகங்கள் மூடுவதும் குப்பை வண்டி வருவதும் எந்நேரம் என்று தெரியும். மூன்றாவது தடவை, நல்ல மழை பெய்த மறுநாள். அன்றைக்குச் சுவர்களையும் ஜன்னல் அடிக்கட்டையையும் மட்டும் பாருங்கள், உத்தர முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.